நீர் என்ன மிருகம் என்று கேட்டவருக்கு

என் பிரியமுள்ள தையல்கடை மைதீன் மச்சானே,

எமர்ஜென்சியை எடுத்த வருசம் அது. டீக்கடையில் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தவர்கள் மறுபடியும் பெஞ்சைத் தட்டிப் பேச ஆரம்பித்திருந்தார்கள். ஓட்டுப் பெட்டி ஏற்றிய லாரிகள் போய் ஓய்ந்திருந்தன. அதற்கு முந்திய ஐப்பசியில் மழை தப்பாமல் பெய்திருந்ததால், பசுவந்தனைக்கு மேற்கே எங்கள் கரிசலில் பருத்தி வெடித்துச் செடி தெரியாமல் வெள்ளையாய்க் கிடந்தது. நம்முடைய கதை அந்தப் பங்குனியில்தான் தொடங்குகிறது. எனக்கு வருசத்தை எண்ணால் சொல்ல வராது. மழையையும் சனங்களையும் வைத்துத்தான் சொல்வேன்.

நான் சொல்லச் சொல்ல உம்முடைய மகள் ஜமீலா எழுதுகிறாள். நான் கைநாட்டு என்பது உமக்குத் தெரியாததா? பேச்சு வழக்கை எல்லாம் திருத்தி எழுதுவேன் என்கிறாள். "எழுத்தைத் திருத்து தாயி, நடந்ததைத் திருத்தாதே" என்றிருக்கிறேன். இப்போதே உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிக்கிறாள். உம்முடைய சிரிப்புத்தான் வே அது.

அன்றைக்கு எங்கள் வண்டிப் பருத்தியைக் கொட்டை நீக்கும் அரவை மில்லில் இறக்கிவிட்டு, எடை போடக் காத்திருந்த நேரத்தில் சட்டைத் துணியும் அளவும் கொடுக்கலாம் என்று உம் கடைக்கு வந்தேன். நீர் மடியில் வேசம் கட்டும் கரடித் தலை ஒன்றை வைத்து அதன் காதைத் தைத்துக்கொண்டிருந்தீர். அதற்கு முந்திய அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் யாரோ இழுத்துப் பிய்த்த காது.

"இதை மாட்டினா மூச்சு முட்டாதா?" என்று கேட்டேன்.

"மாட்டித்தான் பாருமே. கேக்கதுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

மாட்டினேன். உள்ளே புளியங்கொட்டைப் பசை வாசம், இருட்டு, என்னுடைய மூச்சுச் சத்தம். வெளியே தெரு எப்போதும் போல நடந்துகொண்டிருந்தது. அதில் ஒருத்தருக்கும் நான் யார் என்று தெரியவில்லை. கழற்ற எனக்கு மனசே வரவில்லை, மச்சான். நீர்தான் கழற்றினீர். தலையைச் சாய்த்து என்னை மேலும் கீழும் பார்த்தீர்.

"கரடி உமக்கு ஒட்டலவே. நீர் என்ன மிருகம்?"

அதுவரைக்கும் என்னிடம் எல்லோரும் கேட்டது எந்த ஊர், யார் மகன், என்ன ஆளுக என்றுதான். அந்தக் கேள்விகளுக்கு என் பதிலை எங்கள் ஐயாவோ பாட்டனோ முன்னாலேயே சொல்லி வைத்திருந்தார்கள். நீர் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் நானே பதில் சொல்ல வேண்டியிருந்தது. யோசிக்கவே இல்லை. "நரி" என்று சொல்லிவிட்டேன்.

நீர் சிரிக்கவில்லை. அளவு நாடாவை எடுத்து என் முதுகில் வைத்தீர். "நரிக்கு இடுப்பு ஒடுங்கணும். சட்டையை அப்புறம் பாப்பம்" என்றீர். அந்தச் சட்டையை நீர் தைத்துக் கொடுக்கவே இல்லை, நினைவு இருக்கிறதா?

ஏன் நரி என்று பிறகு ஒரு நாள் கேட்டீர். சோளத்தட்டைக்குள் இருந்து சாயங்கால வெயிலில் அது வெளியே வரும் பாருங்கள், ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி அப்படியே நின்று என்னைப் பார்க்கும். பயந்து ஓடவும் செய்யாது, பாய்ந்து வரவும் செய்யாது. இந்த ஆள் எப்படிப்பட்ட ஆள் என்று நிதானித்துவிட்டுத்தான் காலைக் கீழே வைக்கும். அந்த நிலை எனக்கு அவ்வளவு பிடிக்கும். யாரும் இல்லாதபோது வரப்பில் அதே மாதிரி நின்று பார்த்திருக்கிறேன். இதை உம்மிடம் சொல்வதற்கு முன் நான் ஒருத்தரிடமும் சொன்னதில்லை.

"உமக்கு என்ன மிருகம்?" என்று நானும் கேட்டேன். "தைக்கவனுக்கு மிருகம் கிடையாதுவே. ஊசி மாதிரி உள்ள போயிட்டு வெளிய வந்திரணும்" என்றீர். நான் அதை அப்போது நம்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தீப்பெட்டி ஆபீசுக்குப் பின்னால் உள்ள பொட்டலில் வேசக்காரர்கள் கூடும் கூட்டத்துக்கு என்னைக் கூட்டிப்போனீர். புலி சண்முகையா அண்ணாச்சி, தீப்பெட்டி ஆபீசில் குச்சிக்கு மருந்து முக்குகிறவர். மொகரத்துக்குப் புலி ஆடுகிறவரும் அவர்தான், மேட்டுத்தெரு அம்மன் கொடைக்கு ஆடுகிறவரும் அவர்தான். கரடி அருணாசலம் லாரியில் மூடை ஏற்றுகிறவர். குரங்கு சங்கிலி சைக்கிள் கடைக்காரர். கரடி நடக்கும்போது கையை உள்பக்கம் மடக்குமா வெளிப்பக்கம் மடக்குமா என்று அன்றைக்கு முழுக்கச் சண்டை போட்டார்கள். மூன்று பேரும் நிஜக் கரடியைப் பார்த்தவர்கள் இல்லை! எனக்கு அந்தச் சண்டையைக் கேட்கக் கேட்க நெஞ்சு நிறைந்துவிட்டது. வரப்பில் ஒற்றைக்காலில் நின்ற கிறுக்கன் நான் மட்டும் இல்லை என்று தெரிந்த நாள் அது.

ஆனால் அண்ணாச்சிக்குத் தைத்த வேசம் ஆகாது. உடம்பில் மஞ்சள் சாயம் பூசி, கரும்பட்டை எழுதி, வயிறு துடிக்க ஆடினால்தான் அவருக்கு மிருகம். கரடிக்குத் தலை இருக்கலாம், போனால் போகிறது. நீரோ சாக்கின் சணலைப் பிரித்துச் சீவி, டீத்தூளாலும் கடுக்காயாலும் சாயம் ஏற்றி, அடியிலிருந்து முடிவரை நரிக்கு மயிர் வைக்கப் போவதாகச் சொன்னீர்.

"சாக்கைச் சுத்திக்கிட்டு வந்தா அது நரியாவே? மூடை!" என்றார் அண்ணாச்சி. "மிருகம்னா தோலு தெரியணும். தசை ஆடணும்."

"உம்ம புலிக்குத் தொப்புள் தெரியுதே அண்ணாச்சி" என்றீர் நீர். "எந்தப் புலிக்கு நீரு தொப்புளைப் பாத்தீரு?"

கரடி அருணாசலம் சிரித்து உருண்டது இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. அண்ணாச்சி குனிந்து தன் தொப்புளைப் பார்த்துக்கொண்டார். பிறகு கறாராக ஒரு தீர்ப்புச் சொன்னார். "சித்திரைக் கொடைக்கு ஒரே ஒரு மட்டம் வரட்டும். மேளத்துக்குப் பின்னாடிதான் வரணும். சனம் இவனைப் பாத்துச் சிரிச்சிட்டா, சாக்கை மடிச்சு வச்சிட்டுப் போயிரணும். அப்புறம் இந்தப் பொட்டலுக்கு வரப்பிடாது."

அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் எங்கள் ஐயா. வேசம் என்றாலே அவருக்கு ஆகாது. நாடகம் ஆடப் போன சொந்தத் தம்பியோடு வருசக்கணக்காய்ப் பேச்சு இல்லை. வெள்ளாமை செய்கிற சம்சாரி வீட்டுப் பிள்ளை தெருவில் நரியாக ஆடினான் என்று தெரிந்தால் எனக்கும் அதே கதிதான். இது தெரிந்துதான் நீர் என் முகம் ஒரு நூல் கூட வெளியே தெரியாதபடி தலையைச் செய்தீர். சோடா பாட்டில் கோலி இரண்டும் கண். பார்ப்பது வாய் வழியாக. "உம்மப் பெத்த தாயி பாத்தாலும் கண்டுபிடிக்க மாட்டாவ" என்று சத்தியம் செய்தீர்.

சணலுக்குச் சாக்குக் கொண்டுவந்தது நான். எங்கள் தொழுவத்தில் சும்மா கிடந்த சாக்குகள். தண்ணீரில் அலசினால் நார் முறுக்கிக்கொள்ளும் என்று நீர் அலசவில்லை. சாயத்தைத் துணியால் ஒற்றி ஒற்றி ஏற்றி, வெயிலில் காய வைத்தீர். முதுகுக்கு எங்கள் நிலத்துக் கரிசல் மண்ணைக் கரைத்துத் தடவினீர். கரிசல்நரிக்கு முதுகில் ஒரு கருப்பு ஓடும், அது வந்துவிட்டது. எவ்வளவு அழகு! அது என்ன சாக்கு என்று நீரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

கொடைக்கு ஐயா வர மாட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். "ஓட்டப்பிடாரத்துல உளுந்து வெலை கேட்டுட்டு வாரேன்" என்று வீட்டில் சொல்லிவிட்டு விடியவே கிளம்பி வந்துவிட்டேன். மேட்டுத்தெருவில் எங்கள் அத்தை வீடு இருந்தது. நான் கிளம்பிய பிறகு, அம்மாவைக் கொடை பார்க்கக் கூட்டிவரச் சொல்லி அத்தை ஆள் அனுப்பியிருக்கிறாள். ஐயாவும் வண்டி பூட்டிவிட்டார்.

உச்சி வெயில். நையாண்டி மேளம். முன்னால் அண்ணாச்சி புலி பாய்கிறது, பிள்ளைகள் அலறி ஓடுகிறார்கள். கரடி, குரங்கு. பின்னால் நான். ஒருத்தரும் என்னைப் பார்க்கவில்லை. தெருமுக்கில் ஒரு காலைத் தூக்கி நின்றேன், பாரும், மெதுவாகத் தலையைத் திருப்பினேன். ஓரத்தில் நின்ற ஒரு கிழவர், "அட, நரிடே" என்றார். அடுத்தவர் அவர் கையைப் பிடித்து நிறுத்தி, "சும்மா இரும், அது பாக்குது" என்றார். அந்தப் பக்கமே அமைதியாகிவிட்டது. என் நெஞ்சு அடித்த அடியில் மேளம் எனக்குக் கேட்கவில்லை. யாரும் சிரிக்கவில்லை.

அப்போதுதான் வேர்த்தது. வேர்வை உள்ளே இருந்து சணலுக்கு ஏற ஏற, பிண்ணாக்கு வாசம் எழும்பியது. வருசம் முழுக்கப் பிண்ணாக்கு இருந்த சாக்குகள்! வேப்பமரத்தடியில் வண்டிச் சக்கரத்தில் கட்டிக் கிடந்த ஒரு சோடி மாடு தலையைத் தூக்கியது. நான் வாய் வழியாகப் பார்க்கிறேன், எங்கள் செவலையும் மயிலையும். செவலை ஒரே இழுப்பு, கயிறு அறுந்தது.

பாய்ந்து வந்த மாடு என்னை முட்டவில்லை, மச்சான். நக்கியது. முதுகை, வயிற்றை, கழுத்தை நக்கி நக்கி, உம் டீத்தூள் சாயத்தை எல்லாம் வழித்தது. பின்னாலேயே மயிலையும் வந்து வாலைக் கடித்து இழுத்தது. நரி ஓடுகிறது, மாடு துரத்துகிறது! தெருவே வெடித்துச் சிரித்தது. வீட்டு மாடியில் நின்றவர்கள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். போச்சு, பொட்டலும் போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தபடி ஓடுகிறேன். நீர் ஊசிநூலோடு பின்னால் ஓடிவருகிறீர், "வாலு, வாலு" என்று கத்திக்கொண்டு.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஐயா வந்தார். இரண்டு மாட்டின் மூக்கணாங்கயிற்றையும் பிடித்து நிறுத்தினார். மாட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் முதுகில் கையை வைத்து, விரலை மோந்து பார்த்தார். சிரிப்பெல்லாம் அடங்கிவிட்டது.

"ஏலே" என்றார். "ஓட்டப்பிடாரத்துல உளுந்து என்ன வெலைலே?"

நரி வாய்க்குள் இருந்து என் குரல்தான் வந்தது. "இன்னும் வெலை தெறக்கலைய்யா."

அண்ணாச்சி முதலில் சிரித்தார். புலி தரையில் உட்கார்ந்து தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தது. கண்ணீரில் கரும்பட்டை எல்லாம் கலைந்து மஞ்சளோடு ஒழுகியது. அதற்குப் பிறகு சிரிக்காதவர் யார்? ஐயா ஒருத்தர்தான். அவர் என்னைச் சுற்றி ஒரு தடவை வந்தார். பின்பக்கம் நின்றார்.

"வாலு தப்பு" என்றார். "நரி வாலு தரையில இழுபடாது. ஒரு சாண் மேல நிக்கும். நீரா தைச்சது?"

"ஆமாய்யா" என்றீர்.

"வாலைத் தூக்கித் தையும். அந்த முக்குல நின்னான் பாரும், அது சரியா இருந்துச்சு. அப்பிடித்தான் நிக்கும்." அவ்வளவுதான். மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவர் எப்போது பார்த்தார்? நான் வரப்பில் நின்றதையும் பார்த்திருப்பாரோ? இல்லை, அவரும் அப்படி நின்று பார்த்தவர்தானோ? அடுத்த பொங்கலுக்கு நாடகக்காரச் சித்தப்பா எங்கள் வீட்டில் உட்கார்ந்து கரும்பு கடித்தார். யார் கூப்பிட்டது என்று ஒருத்தரும் விசாரிக்கவில்லை.

அன்றைக்கு அண்ணாச்சியின் முன்னால் சாக்கை மடித்துக்கொண்டு நின்றேன். "சனம் சிரிச்சிருச்சு அண்ணாச்சி, நான் வாரேன்" என்றேன். அவர் இன்னும் மூச்சு இரைத்துக்கொண்டே சொன்னார்: "எங்கல போற? நான் புலி கட்டி இத்தனை வருசத்துல ஒரு மாடு என்னைத் திரும்பிப் பாத்ததில்ல. ஞாயித்துக்கிழமை வா. வாலைத் தூக்கித் தைச்சிட்டு வா."

தைக்கவனுக்கு மிருகம் கிடையாது என்று சொன்னீரே, அந்தப் பொய் ஒரு வருசம்தான் தாங்கியது. அடுத்த சித்திரையில் உம் கடைக்கு வந்தால் கதவு சாத்தியிருக்கிறது. உள்ளே தொம் தொம் என்று சத்தம். இடுக்கில் பார்த்தேன். வெள்ளைப் பஞ்சில் ஒரு முயல், ஒரு காது நிமிர்ந்து ஒரு காது மடங்கி, தையல் மிசினைச் சுற்றிக் குதித்துக்கொண்டிருந்தது. நான் கதவைத் தட்டினதும் முயல் நின்றது. "காலு நாளெல்லாம் மிசினுக்கு அடியில மடங்கியே கெடக்குவே" என்றது முயல், வெட்கத்தோடு. "குதிக்கணும் போல இருக்கு."

உங்கள் பள்ளிவாசல் தெருப் பெரியவர் ஒருத்தர் மறித்துக் கேட்டாரே. "ஏம்பா மைதீனு, காளி கொடையில உனக்கு என்ன சோலி?" நீர் சொன்னீர், "நான் எங்க போனேன் மாமு? முயல்லா போச்சு." அவர் சிரித்துவிட்டு, "காதை ரெண்டையும் ஒண்ணு போல தைக்கத் தெரியலியேடா உனக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லோருக்கும் ஒரு அபிப்பிராயம் இருந்தது, மச்சான். காது, வால், நடை. நம் ஊரில் இவ்வளவு பேர் மிருகத்தை உற்றுப் பார்த்திருக்கிறார்கள் என்று நம்மால்தான் தெரிய வந்தது.

நரியும் முயலும் கைகோத்துத் தெருவில் நடந்தால் பிள்ளைகள், "ஏ முயலு, ஓடிப் போயிரு, அது தின்னிரும்" என்று கத்துவார்கள். நீர் வேண்டுமென்றே என் தோளில் சாய்ந்துகொள்வீர். இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. எங்கள் தெருவுக்கு டிவி வந்த வருசம், சனமெல்லாம் பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்தபோது, புலி சண்முகையா அண்ணாச்சி துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உம் கடைக்கு வந்தாரே. "வே மைதீனு, எனக்கு ஒரு வாலு தைச்சித் தாரும். வெளிய சொல்லிராதேயும்." நீர் வெளியே சொல்லவில்லை. வால்தான் சொல்லிவிட்டது. பஞ்சு வைத்த வால், அவர் திரும்பும்போது இரண்டு கடைப் பலகையைத் தட்டிவிட்டது.

இப்போது இங்கத்திய சேதி. நீர் கண்ணை மூடிய நாற்பதாம் நாள் ஓதி முடிந்து, நெய்ச்சோறு சாப்பிட்டுக் கை கழுவி வந்தேன். ஜமீலா டிரங்குப் பெட்டியைத் திறந்து வைத்திருந்தாள். உம் முயல். காது மடங்கியது மடங்கியபடி. அதற்கு அடியில் ஒரு சட்டைத் துணி. நான் கொடுத்ததுதான்! தைக்காத மனுசன், பத்திரமாக மட்டும் வைத்திருக்கிறீர்.

"நரி மாமா, வாப்பாவோட முயலை என்ன செய்ய?" என்று கேட்டாள். அதன் மடங்கின காதை நீவிவிட்டேன். அவள் போனை எடுத்துக் காட்டினாள். கடலுக்கு அந்தப் பக்கத்து ஊர்களில், மச்சான், பெரிய பெரிய மண்டபத்தில் சனங்கள் கூடுகிறார்கள். ஒருத்தர் ஓநாய், ஒருத்தர் பூனை, ஒருத்தர் நரி. அடியிலிருந்து முடிவரை மயிர் வைத்துத் தைத்த வேசம்! சாமி கிடையாது, கொடை கிடையாது, சும்மா பிரியத்துக்காகவே கட்டுகிறார்கள். படம் வரைகிறார்கள், ஒருத்தர் வாலை ஒருத்தர் பாராட்டுகிறார்கள், கட்டிப் பிடித்துக்கொள்கிறார்கள். புதிதாக ஒருத்தர் வந்தால் முதலில், நீர் என்ன மிருகம் என்றுதான் கேட்பார்களாம். உம் கேள்வி அங்கே எப்படி வே போனது?

"நம்ம கூட்டம் பெருசு தாயி" என்றேன்.

புதியம்புத்தூரில் அவள் வைத்திருக்கும் தையல் யூனிட் பெண்களுக்கும் இதைக் காட்டியிருக்கிறாள். சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் சண்டையாம். ஒருத்தி கீரி, ஒருத்தி ஆந்தை, ஒருத்தி ஓணான். ஓணானுக்கு மயிர் ஏது என்று மற்றவர்கள் விரட்ட, "நான் செதில் வச்சுத் தைக்கேன், உனக்கென்னட்டி?" என்றிருக்கிறாள். வெட்டி மிஞ்சிய துண்டுத் துணியில் செதில் அடுக்கியும் விட்டாள். சண்முகையா அண்ணாச்சி இருந்தால் எவ்வளவு கோபப்படுவார்! பிறகு துண்டைப் போட்டுக்கொண்டு வந்து பார்ப்பார்.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும்போது ஜமீலா பேனாவை வைத்துவிட்டாள். "எல்லாருக்கும் கேக்குதீக. நான் என்ன மிருகம்னு இத்தனை வருசத்துல ஒரு நாளாவது கேட்டீகளா மாமா?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. உம் மடியில் பொத்தான் கோத்து வளர்ந்த பிள்ளை. நாம் இரண்டு பேருமே கேட்கவில்லையே!

கேட்டேன். சொன்னாள். அதை மட்டும் எழுத மாட்டேன் என்கிறாள். சித்திரைக்குத்தான் தெரியுமாம், வாப்பாவுக்கும் அன்றைக்கே தெரிந்தால் போதுமாம். உமக்கு ஒரு துப்பு மட்டும் சொல்கிறேன்: நீர் சந்தோசப்படுவீர்.

உமக்கு என் வாக்கு இது. சித்திரையில் மேளத்துக்கு முன்னால் அந்தப் பெண்கள் வருவார்கள். பின்னால் நான் வருவேன், வால் ஒரு சாண் மேலே நிற்க. சணலைத் தண்ணீரில் அலசச் சொல்லிவிட்டேன், இருந்தாலும் ஒரு கைப்பிடி பிண்ணாக்கு மடியில் வைத்துக்கொள்வேன். உம் முயலைப் பெட்டியில் போட மாட்டோம், வேறு ஆளுக்கும் மாட்டிவிட மாட்டோம். தலையை என் கையில் ஏந்தி வருவேன். காதைப் பிடித்துத் தூக்க மாட்டேன், அடியில் கை கொடுத்துத்தான். தெருமுக்கு வந்ததும் நான் காலைத் தூக்கி நிற்பேன், நீர் என் தோளில் சாய்ந்துகொள்ளும். என் சட்டையை ஜமீலா தைத்து முடித்துவிட்டாள். அதையும் உள்ளே போட்டுக்கொள்வேன்.

அவள் மைப்பெட்டியைத் திறந்து என் கட்டை விரலைப் பிடிக்கிறாள். நரிக்கு நான்கு விரலும் பதிய வேண்டும் என்று சொல்லிவிட்டேன். பதித்தாயிற்று. நல்ல காலடிதான், கரிசலில் மழை பெய்த மறுநாள் பார்ப்போமே, அது மாதிரி.

புலி போனார். கரடி போனார். குரங்கு போனார். முயலும் போயாயிற்று. அந்தப் பொட்டலில் கூடியவர்களில் இன்னும் காலைக் கீழே வைக்காமல் நின்று பார்த்துக்கொண்டிருப்பது,

உம்முடைய மச்சான்,
நரி பெருமாள்சாமி.